ஓய்வு பெற்ற தூதர்களிடம் நாம் கேட்க வேண்டியது

(பெங்களூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

1986 நவம்பர் 16, 17 தேதிகளில் தெற்காசியாவின் ஏழு நாட்டுத் தலைவர்களும் நம் பெங்களூரில் இருந்தார்கள். சார்க் அமைப்பின் இரண்டாவது உச்சி மாநாடு அது. காத்மாண்டுவில் அந்த அமைப்புக்கு ஒரு தலைமைச் செயலகம் அமைக்க இங்கேதான் கையெழுத்தானது. ஆனால் அந்த நாட்களில் தமிழ்ப் பத்திரிகை படித்தவர்களுக்கு நினைவில் நிற்பது வேறு. பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனாவும் இந்த ஊரில் இலங்கைச் சிக்கலைப் பேசினார்கள். சென்னையிலிருந்து விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனை விமானத்தில் அழைத்து வந்தார்கள். தமிழக முதல்வர் எம்.ஜி.ஆரும் வந்தார். கிழக்கு மாகாணத்தை மூன்றாகப் பிரிக்கும் யோசனை பேசப்பட்டது. விடுதலைப் புலிகள் அதை ஏற்கவில்லை. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

அப்போது இந்தியாவின் வெளியுறவுச் செயலர் ஏ.பி. வெங்கடேஸ்வரன். தமிழர். பெய்ஜிங்கில் தூதராக இருந்து, பல தலைநகரங்களைப் பார்த்துவிட்டு அந்த நாற்காலிக்கு வந்தவர். பெங்களூர் மாநாடு முடிந்து இரண்டு மாதம் கழித்து, 1987 ஜனவரி 20 அன்று, டெல்லியில் ஒரு செய்தியாளர் கூட்டம் நடந்தது. பாகிஸ்தான் நிருபர் ஒருவர், பிரதமரின் பாகிஸ்தான் பயணம் பற்றி வெளியுறவுச் செயலர் சொன்னதை வைத்து ஒரு கேள்வி கேட்டார். விரைவில் நீங்கள் புதிய வெளியுறவுச் செயலரிடம் பேசுவீர்கள் என்ற பொருளில் பிரதமர் பதில் சொன்னார். வெங்கடேஸ்வரன் அதே அரங்கில் உட்கார்ந்திருந்தார். அன்றே பதவியை விட்டு விலகினார். அதன்பின் அவர் குடியேறியது இந்தப் பெங்களூரில். ஏசியா சென்டர் என்ற ஆய்வு மையத்துக்குத் தலைமை ஏற்றார். கூட்டங்களில் பேசினார், எழுதினார், கேட்க வந்த இளைஞர்களோடு வாதாடினார். 2014 செப்டம்பர் 2 அன்று இங்கேயே காலமானார்.

அவர் பதவி விலகி ஆறு மாதத்தில், 1987 ஜூலை 29 அன்று, இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்தது. அமைதி காக்கும் படை போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர்கள் அங்கே உயிர் விட்டார்கள். தமிழ் மக்கள் எவ்வளவு பேர் மாண்டார்கள் என்பது உங்களில் பலருக்குச் சொந்தத் துயரமாகவே தெரியும். வெங்கடேஸ்வரன் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல யாருக்கும் ஆதாரம் கிடையாது. என் கவலை வேறு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்திரா காந்தி இலங்கைக்கு அனுப்பியது ஜி. பார்த்தசாரதியை. ஜகார்த்தா, பெய்ஜிங், கராச்சி, நியூயார்க் என்று பணியாற்றி, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் இருந்து, எழுபது வயதைக் கடந்தவர் அவர். ஜெயவர்தனாவோடும் தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கத்தோடும் மாதக்கணக்கில் பேசி அவர் உருவாக்கிய திட்டத்தைத்தான் பின்னிணைப்பு 'சி' என்று சொல்கிறோம். 1985-இல் ரோமேஷ் பண்டாரி வெளியுறவுச் செயலர் ஆனதும் அணுகுமுறை மாறியது. இலங்கை அரசுக்கும் தமிழ் இயக்கங்களுக்கும் இடையே திம்புப் பேச்சு நடந்தது. 1986-இல் வெங்கடேஸ்வரன் வந்தார். 1987-இல் அவரும் போனார். நான்கு ஆண்டுக்குள் எத்தனை கை மாறியது என்று பாருங்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் முந்தையவர் கற்றதில் எவ்வளவு அடுத்தவரிடம் போய்ச் சேர்ந்தது? கோப்பில் இருப்பது சேரும். எதிரே உட்கார்ந்தவர் எந்தச் சொல்லுக்கு முகம் சுளித்தார், எதை எழுத்தில் தர மறுத்து வாயால் மட்டும் ஒப்புக்கொண்டார் என்பதெல்லாம் எந்தக் கோப்பில் இருக்கும்?

அந்த ஆண்டுகளில் கொழும்பில் உயர் ஆணையராக இருந்த ஜே.என். டிக்ஷித் பின்னாளில் ஒரு நூல் எழுதினார். அதனால் அவர் பக்கத்து நியாயம் நமக்குத் தெரிகிறது. எழுதாதவர்களின் பக்கம் அவர்களோடு போய்விட்டது. இதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்பதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைச் செய்ய வேண்டியது அரசு அல்ல, நாம் என்றும் நம்புகிறேன்.

நம் நாட்டில் ஓய்வு பெற்ற தூதர்களுக்கு வேலை இல்லாமல் இல்லை. அரசு தனக்குத் தேவைப்படும்போது அவர்களைக் கூப்பிடுகிறது. லால் பகதூர் சாஸ்திரி காலத்தில் என்.ஆர். பிள்ளை தலைமையில் ஒரு குழு அமைந்தது. வெளியுறவு அமைச்சகத்தின் செக்ரட்டரி ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இந்திய வெளியுறவுப் பணியை எப்படிச் சீரமைப்பது என்று 1966-இல் அந்தக் குழு அறிக்கை தந்தது. 1998-இல் தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியம் உருவானபோது அதன் முதல் தலைமைப் பொறுப்பு திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்ரமணியத்திடம் போனது. அதில் முன்னாள் தூதர்களும் இருந்தார்கள். மறு ஆண்டே நாட்டின் அணு ஆயுதக் கொள்கையின் வரைவை அந்த வாரியம் எழுதிக் கொடுத்தது. இவை பெரிய காரியங்கள். கூடவே, வெளியுறவு அமைச்சகம் முன்னாள் தூதர்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிச் சொற்பொழிவு நடத்துகிறது. ஓய்வு பெற்ற தூதர்களின் சங்கம் ஒன்று டெல்லியில் 2006 முதல் ஓர் ஆய்விதழ் நடத்துகிறது. அந்த ஆய்விதழின் ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு மூத்த தூதரிடம் வாய்மொழி வரலாறாகப் பேட்டி எடுத்துப் போடுகிறார்கள். வெளியுறவைப் படிக்கும் மாணவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

இவற்றிலெல்லாம் மூத்தவர்களிடம் நாம் கேட்பது பெரும்பாலும் கொள்கை பற்றி. சீனாவிடம் எப்படி நடந்துகொள்வது, அமெரிக்காவிடம் என்ன கேட்பது. இரவு ஒன்பது மணித் தொலைக்காட்சி விவாதத்தில் கேட்பதும் அதையே. நான் கேட்க விரும்புவது அந்தப் பணியைப் பற்றி. அந்தப் பணியில் இருப்பவர்கள் எப்படித் தேர்வாகிறார்கள், என்ன கற்கிறார்கள், எங்கே உடைகிறார்கள், அவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், வேறு கருத்துச் சொன்னால் அவர்களுக்கு என்ன ஆகிறது. இதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டு, அரசுப் பணம் வாங்காமல், அனுபவமுள்ள தூதர்களை அறிவுரைக் குழுவில் வைத்துக்கொண்டு நடக்கும் ஓர் அறக்கட்டளை இந்தியாவில் வேண்டும்.

இது புதுக் கற்பனை அல்ல. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த உனா சாப்மன் காக்ஸ் என்ற பெண்மணி 1980-இல் தம் சொத்தைக் கொண்டு அப்படி ஒரு அறக்கட்டளை தொடங்கினார். அவர் தூதரும் அல்ல, அதிகாரியும் அல்ல. தம் நாட்டின் வெளியுறவுப் பணி தரமாக இருக்க வேண்டும் என்று நினைத்த ஒரு குடிமகள். பணியின் நடுவயதில் இருக்கும் அதிகாரிகளுக்கு, அன்றாட வேலையிலிருந்து விலகித் தாங்கள் விரும்பிய ஒன்றை ஆழமாகப் படிக்க, அந்த அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது. தூதர்கள் என்ன செய்கிறார்கள் என்று சாதாரண மக்களுக்குக் காட்டும் ஆவணப்படத்துக்கும் பணம் கொடுத்திருக்கிறது. எதற்குக் கொடுப்பது, எதற்குக் கூடாது என்று சொல்ல மூத்த தூதர்களின் குழு இருக்கிறது. அதே நாட்டில் சார்லஸ் ஸ்டூவர்ட் கென்னடி என்ற முன்னாள் தூதரக அதிகாரி 1985 வாக்கில் ஒலிப்பதிவுக் கருவியோடு கிளம்பித் தம் பழைய சக அதிகாரிகளைப் பேட்டி காண ஆரம்பித்தார். இன்று அந்தத் தொகுப்பில் 2,500-க்கும் மேற்பட்ட பேட்டிகள் உள்ளன. யாரும் படிக்கலாம். நம் நாட்டுக்கு வந்து பணியாற்றிய அமெரிக்க அதிகாரிகள் நம்மைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதையும் அதில் படிக்கலாம். அவர்களைப் பற்றி நம்மவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை எங்கே போய்ப் படிப்பது?

இன்னொன்றும் சொல்கிறேன். 1971-இல் டாக்காவில் அமெரிக்கத் துணைத் தூதராக இருந்த ஆர்ச்சர் பிளட், கிழக்கு வங்கத்தில் நடந்த படுகொலையைத் தம் அரசு கண்டுகொள்ளாததைக் கண்டித்துத் தந்தி அனுப்பினார். நிக்சன் அரசு அவரை அந்த இடத்திலிருந்து தூக்கியது. ஆனால் அதே ஆண்டில் அமெரிக்க வெளியுறவுப் பணியாளர் சங்கம், துணிந்து மாற்றுக் கருத்துச் சொல்பவர்களுக்குத் தரும் விருதை அவருக்குக் கொடுத்தது. இத்தகைய விருதுகளில் சில, மறைந்த தூதர்களின் குடும்பங்கள் நிறுவியவை. வில்லியம் ரிவ்கின் என்ற தூதர் இறந்த மறு ஆண்டே, 1968-இல், அவர் குடும்பம் ஒரு விருதை ஏற்படுத்தியது. அரசு தண்டித்தவரைப் பணி கௌரவித்தது; அதற்குக் குடிமக்களின் பணம் துணை நின்றது. இங்கேயும் முன்னாள் வெளியுறவுச் செயலர் எஸ்.கே. சிங் பெயரில் வெளியுறவுப் பணி அதிகாரிகளுக்கு விருது ஒன்று உண்டு. சிறந்த பணிக்காகத் தருவது. மறுத்துச் சொன்னதற்காக ஒரு விருது நமக்கும் வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

இப்போது நம் மாநிலத்துக்கே வருகிறேன். இந்தச் சொற்பொழிவில் வேறு எதை மறந்தாலும் சி.பி. முத்தம்மாவை மறக்காதீர்கள். 1924-இல் குடகில், விராஜ்பேட்டையில் பிறந்தவர். மடிக்கேரியில் பள்ளி. பிறகு சென்னையில் மகளிர் கிறித்தவக் கல்லூரி, மாநிலக் கல்லூரி. 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் அவர்தான். நேர்முகத் தேர்வுக் குழுவே இந்தப் பணி வேண்டாம் என்று அவரை மனம் மாற்றப் பார்த்தது. சேரும்போது, திருமணம் செய்துகொண்டால் விலகிவிடுவேன் என்று எழுதி வாங்கினார்கள். அதை ஏதோ ஒரு முரட்டு அதிகாரியின் செயல் என்று நினைக்காதீர்கள். பின்னர் வந்த 1961-ஆம் ஆண்டு விதிகளிலேயே அப்படி எழுதி வைத்திருந்தார்கள். பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். திருமணத்துக்குப் பின் குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் விலகச் சொல்லலாம். திருமணமான பெண்ணுக்கு இந்தப் பணியில் நியமனம் பெற உரிமை கிடையாது. ஆண் அதிகாரியின் குடும்பப் பொறுப்பு பற்றி விதியில் ஒரு சொல்லும் இல்லை.

முத்தம்மா அந்தக் கட்டுப்பாடுகளோடே முப்பது ஆண்டு பணியாற்றினார். 1970-இல் ஹங்கேரிக்குத் தூதராகப் போனார். வெளியுறவுப் பணியிலிருந்து வந்த முதல் பெண் தூதர் அவர். மேல்நிலைப் பதவி உயர்வு வந்தபோது அவரை ஒதுக்கினார்கள். அவருக்கு இளையவர்கள் மேலே போனார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979 செப்டம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் தீர்ப்பளித்தார். வழக்கு நடக்கும்போதே அரசு அவசரமாகப் பதவி உயர்வு கொடுத்துவிட்டதால் மனுவைத் தள்ளுபடி செய்தார். ஆனால் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார். பெண்ணை ஒடுக்கும் விதிகள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அரசே தேடிக் களைய வேண்டும் என்றார். திருமண அனுமதி விதி நீக்கப்பட்டது. மற்றதையும் நீக்குவதாக அரசு நீதிமன்றத்தில் உறுதி சொன்னது. அவருடைய பணிமூப்பை மறுபரிசீலனை செய்யவும் நீதிமன்றம் சொன்னது.

இந்தக் கதையை எல்லோரும் வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் மனம் ஆறுவதில்லை. 1949-இலிருந்து 1979 வரை எத்தனை பெண்கள் அந்த உறுதிமொழிக்குப் பணிந்து வேலையை விட்டார்கள்? எத்தனை பெண்கள் திருமணமே வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள்? ஒரு தேசத்தின் சேவையில் இருந்த பெண் தன் சொந்த அரசுக்கு எதிராக ஒற்றை ஆளாக நீதிமன்றப் படி ஏற வேண்டி வந்ததே, அப்போது அவர் பக்கத்தில் நிற்க ஓர் அமைப்பு இருந்திருந்தால்? வழக்குச் செலவைப் பார்த்துக்கொள்ளவும், இந்த விதியால் வேலை இழந்தவர்களின் பட்டியலைத் திரட்டவும், ஓய்வு பெற்ற நான்கு தூதர்களைக் கொண்டு இது தவறு என்று பகிரங்கமாக எழுத வைக்கவும் ஓர் அறக்கட்டளை இருந்திருந்தால், அந்தக் கட்டுப்பாடு முப்பது ஆண்டு உயிரோடு இருந்திருக்குமா? இந்தக் கேள்விதான் என்னை இந்தப் பொருளில் பேச வைத்தது.

முத்தம்மா 1982-இல் ஓய்வு பெற்றார். ஸ்வீடன் நாட்டு ஓலோஃப் பால்மே தலைமையில் ஆயுதக் குறைப்புக்காக அமைந்த சர்வதேச ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். நம் ஆட்சி முறையின் சீர்கேட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குடகுச் சமையல் நூல் ஒன்றிலும் அவர் கை உண்டு. 2009 அக்டோபர் 14 அன்று பெங்களூரில் காலமானார். இந்த ஊரின் கல்லூரிப் பெண்களிடம் அவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி, நான் சொல்லும் அறக்கட்டளை எதைச் செய்ய வேண்டும் என்று பார்ப்போம். என் மனத்தில் முதலில் நிற்பது நினைவைக் காப்பது. அதிலும் தூதர்களின் நினைவு மட்டுமல்ல. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத 9,75,000 தமிழர்களைப் பங்கு போட்ட ஒப்பந்தம் அது. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு, 1974-இல், அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இரண்டு பிரதமர்களின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. ஆனால் கண்டியில் இருந்த இந்திய உதவி உயர் ஆணையர் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, மலைத்தோட்டத்திலிருந்து வரிசையில் வந்து நின்ற ஒவ்வொரு குடும்பத்தின் விண்ணப்பத்தையும் பார்த்து, யார் அக்கரை போவது, யார் இங்கே இருப்பது என்று எழுதிய எழுத்தர்கள் யார்? அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று ஆனபோது அவர்கள் என்ன சொல்லித் தேற்றினார்கள்? தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களை நீங்கள் அறிவீர்கள். நம் கர்நாடகத்திலும் சுள்ளியா, புத்தூர் பக்கம் வன வளர்ச்சிக் கழகத்தின் ரப்பர் தோட்டங்களில் அவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று இந்த நகரத்தில் வேலை பார்க்கிறார்கள். அந்தக் குடும்பங்களின் வாழ்க்கையைத் தீர்மானித்த மேசையின் மறுபக்கத்தில் இருந்தவர்களின் வாய்மொழி எங்கும் பதிவாகவில்லை என்றால், நம் வெளியுறவு வரலாற்றில் பாதி காணாமல் போய்விட்டது என்றுதான் பொருள்.

பொது ஆவணச் சட்டம் 1993-இல் வந்தது. இருபத்தைந்து ஆண்டு கடந்த கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். போகிறவை போகின்றன, போகாதவையும் உண்டு. கோப்பு கிடைத்தாலும், அதன் ஓரத்தில் கிறுக்கிய இரண்டு சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்ல அதைக் கிறுக்கியவர் உயிரோடு இருக்க வேண்டும். முன்னாள் வெளியுறவுச் செயலர் நிருபமா ராவ் 2021-இல் வெளியிட்ட நூல் ஒன்று 1949 முதல் 1962 வரை இந்தியா, திபெத், சீனா உறவைப் பேசுகிறது. ஆவணத்தைப் படிக்கும் ஆராய்ச்சியாளரின் கண்ணும், பெய்ஜிங்கில் தூதராக அமர்ந்து எதிராளியைப் பார்த்தவரின் கண்ணும் அதில் சேர்ந்திருப்பதுதான் அந்த நூலின் பலம். எல்லோராலும் அப்படி நூல் எழுத முடியாது. ஆனால் எல்லோராலும் பேச முடியும். உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, பணியில் இருக்கும் இளைஞர்கள். 140 கோடி மக்கள் உள்ள நாட்டின் வெளியுறவுப் பணியில் அதிகாரிகள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். அமெரிக்காவில் இந்த நிலையில் இருப்பவர்கள் ஏறத்தாழ எட்டாயிரம் பேர். நம் ஆயிரம் பேரை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பகிர்ந்து அனுப்பினால் ஒரு தூதரகத்துக்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நீங்களே கணக்குப் போடலாம். இருபத்தாறு வயதில் வளைகுடா நாடு ஒன்றுக்குப் போகும் அதிகாரியின் மேசைக்கு முதல் வாரமே என்ன வரும் தெரியுமா? கட்டடத்திலிருந்து விழுந்து இறந்த ஒரு கூலித் தொழிலாளியின் கடவுச்சீட்டு. ராமநாதபுரத்திலிருந்தோ ராய்ச்சூரிலிருந்தோ தொலைபேசியில் அழும் அவர் மனைவி. சம்பள பாக்கியைத் தர மறுக்கும் முதலாளி. உடலை அனுப்பும் செலவுக்கு 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது, நல்லது. ஆனால் அந்த மனைவியிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பயிற்சி நிலையத்தில் முழுதாகக் கற்றுத்தர முடியாது. இருபது ஆண்டு அந்த வேலையைப் பார்த்த ஒருவர் பக்கத்தில் இருந்து, அல்லது தொலைபேசியில் கிடைத்து, சொல்லித்தர வேண்டும். அறக்கட்டளையின் அறிவுரைக் குழுவில் இருக்கும் மூத்தவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இந்த இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. நாட்டின் பெயரில் நல்ல செய்கை என்று ஒரு சாதாரணக் குடும்பம் நினைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த மேசையில் நடந்ததைத்தான்.

மொழிப் பயிற்சி, குடும்பங்களின் நலன், மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பள்ளி மாறும் பிள்ளைகள் ஆகியவையும் உண்டு. அவற்றை விரித்துப் பேச இன்று நேரம் போதாது.

இந்த அறக்கட்டளை ஏன் பெங்களூரில் இருக்க வேண்டும்? டெல்லியில் இருந்தால் அது அமைச்சகத்தின் நிழலில் விழும். யாரைக் கூப்பிட்டால் யார் கோபிப்பார்கள் என்ற எண்ணம் ஒவ்வொரு கூட்டத்திலும் வந்து உட்காரும். பெங்களூருக்கு வேறு ஒரு மரபு உண்டு. ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கொடையும் மைசூர் அரசு தந்த நிலமும் சேர்ந்து 1909-இல் இந்திய அறிவியல் கழகம் பிறந்தது இங்கே. ஜே.ஆர்.டி. டாட்டா 1988-இல் தேசிய உயராய்வுக் கழகத்தை இங்கே தொடங்கச் செய்தார்; அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணா அதன் முதல் இயக்குநர். வெளியுறவுக் கொள்கையைப் படித்து விவாதிக்கும் தட்சசீலா நிறுவனம் 2009 முதல் இங்கே இயங்குகிறது. தூதர்கள் கல்விக்குத் திரும்பும் மரபும் இந்த மாநிலத்துக்குப் பழக்கமானது. சீனாவிலும் எகிப்திலும் பிரான்ஸிலும் தூதராக இருந்த கே.எம். பணிக்கர், மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருக்கும்போதுதான் 1963 டிசம்பரில் காலமானார். நிருபமா ராவ் தம் கணவர் சுதாகர் ராவோடு சேர்ந்து 2018-இல் இதே நகரில் தெற்காசிய சிம்பொனி அறக்கட்டளையைத் தொடங்கினார். எல்லைகளுக்கு அப்பால் இருக்கும் இசைக்கலைஞர்களை ஒரே மேடையில் உட்கார வைப்பது அதன் வேலை. ஓய்வு பெற்ற தூதர் ஒருவர் அரசிடம் பதவி எதிர்பார்க்காமல் தானாக ஓர் அமைப்பைக் கட்ட முடியும் என்பதற்கு அது சான்று. மென்பொருள் தொழிலால் உலகமெங்கும் ஆட்களை அனுப்பும் ஊர் இது. அமெரிக்கத் துணைத் தூதரகம் இங்கே வர 2025 ஜனவரி வரை காத்திருந்தோம். வெளியுறவால் நாள்தோறும் பயன்பெறும் ஊர், வெளியுறவுப் பணிக்குத் திருப்பித் தர வேண்டியது கொஞ்சம் உண்டு.

சில எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். நிறுவனங்களிடம் பணம் வாங்கினால் யாரிடம், எவ்வளவு என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஓய்வு பெற்ற அதிகாரிகள் தனியார் நிறுவனத்தில் சேர ஓர் ஆண்டு காலம் அரசின் அனுமதி வேண்டும் என்ற விதி இருக்கிறது. அறக்கட்டளை அதைவிடக் கடுமையான விதியைத் தனக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஆயுதம் விற்கும் நிறுவனத்தின் ஆலோசகராக இருப்பவர் இந்தக் குழுவில் உட்காரக் கூடாது. அடுத்து, அறிவுரைக் குழு முன்னாள் வெளியுறவுச் செயலர்களால் மட்டும் நிறைந்துவிடக் கூடாது. வெளியுறவுப் பணியின் 'பி' பிரிவு என்று சொல்கிறோமே, அதிலிருந்து வந்தவர்கள், விசா முகப்பில் முப்பது ஆண்டு நின்றவர்கள், சங்கேத அறையில் இரவெல்லாம் விழித்தவர்கள் அதில் இருக்க வேண்டும். தூதர்களின் துணைவர்களும் இருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு நாடு நாடாகப் போனவர்கள் அவர்கள். மூன்று ஆண்டுக்கு மேல் யாரும் குழுவில் நீடிக்கக் கூடாது. அன்றன்றைய வெளியுறவுக் கொள்கை பற்றி அறக்கட்டளை வாய் திறக்கக் கூடாது. உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் எழுதலாம், பேசலாம். அறக்கட்டளையின் பெயரில் கூடாது. இந்தக் கடைசி விதியைப் பலர் எதிர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆளும் கட்சி மாறும்போதெல்லாம் அறக்கட்டளையும் ஆடிப்போனால், முத்தம்மாவைப் போல நியாயம் கேட்டு வரும் அடுத்த அதிகாரிக்கு அது எப்படித் துணை நிற்கும்?

தொடக்கத்துக்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி, பேட்டி எடுக்கத் தெரிந்த இரண்டு இளைஞர்கள், பேசியதைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்தாக்க நான்கு பேர் போதும். பேட்டி கொடுப்பவர் விரும்பினால் பத்து ஆண்டுக்குப் பின் வெளியிடலாம் என்ற உறுதியை எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். கண்டியிலும் கொழும்பிலும் ரங்கூனிலும் கோலாலம்பூரிலும் நம் தூதரகங்களில் வேலை பார்த்தவர்கள், எந்தப் பதவியில் இருந்தவர்களானாலும், உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ இருப்பார்கள். பலருக்கு எண்பது வயது தாண்டியிருக்கும். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு குறிப்பேடு வைத்திருப்போம். அவர்கள் எந்த ஆண்டில் எங்கே பணியாற்றினார்கள் என்பதை அதில் எழுதிவிட்டுப் போங்கள். அவர்களின் பெயரையும் முகவரியையும் அவர்கள் சம்மதித்த பிறகு வாங்கிக்கொள்கிறோம். சுள்ளியாவிலும் கூடலூரிலும் இருக்கும் தாயகம் திரும்பிய குடும்பங்களைப் பார்க்க மழைக்காலம் முடிந்ததும் ஒரு குழு கிளம்புகிறது. கூட வர விரும்பும் மாணவர்களும் அதே குறிப்பேட்டில் எழுதலாம்.